இந்துமதி, காக்கிச்சட்டை, கால்பந்து: அக்காவிடம் கேளுங்கள்

நெல்லிக்குப்பம் தம்பி: இந்துமதி கதிரேசன் நிஜமாகவே நம்ம ஊரா?

கடலூர்தான். 1994-இல் பிறந்தவர், மிட்ஃபீல்டர், அதாவது நடுக்களத்தில் ஆடுபவர். 2017 ஜனவரியில் சிலிகுரியில் நடந்த சாஃப் (தெற்காசிய மகளிர் கால்பந்து) இறுதிப் போட்டியில் வங்கதேசத்தை இந்தியா 3-1 என்று ஜெயித்ததே, அதில் ஒரு கோல் இவருடையது. 2018-இல் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என்று சாய்த்துத் தமிழ்நாடு முதல்முறையாகத் தேசிய சாம்பியன் ஆனது. பல தடவை சாம்பியனான மணிப்பூரை! அந்தக் காலத்தில் அதை யாரும் நம்பவில்லை.

வில்லியனூர்: என் மகள் மிட்ஃபீல்டர். இந்துமதியைப் பார்த்து எதைக் கற்றுக்கொள்வது?

வீடியோவில் பந்தைப் பார்க்காதீர்கள், கழுத்தைப் பாருங்கள். நல்ல மிட்ஃபீல்டர் யாராக இருந்தாலும் பந்து காலுக்கு வருவதற்கு முன்பே ஒரு தரம், இரண்டு தரம் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்திருப்பார். வந்த பிறகு பார்த்தால் எதிராளி முதுகில் நிற்பாள். மகளைச் சுவர்ப் பக்கம் திருப்பி நிறுத்திப் பந்தைத் தட்டச் சொல்லுங்கள். பின்னால் நின்று விரலைக் காட்டுங்கள். பந்து திரும்பி வருவதற்குள் எத்தனை விரல் என்று அவள் சொல்லவேண்டும்.

பாகூர்: வயதை ஒரு வருஷம் குறைத்துக் காட்டினால் ஜூனியர் அணியில்...

வேண்டாம். மணிக்கட்டை ஸ்கேன் எடுத்தால் எலும்பு சொல்லிவிடும். மாட்டினால் பிள்ளைக்குத்தான் தடை, யோசனை சொன்ன ஆளுக்கு இல்லை.

திருப்பாதிரிப்புலியூர் தம்பி: இந்துமதி போலீஸில் சேர்ந்தது தப்பு அக்கா. வேலை வந்தால் ஆட்டம் போச்சு. வெறும் கிளப் ஆட்டக்காரியாக இருந்திருக்கணும்.

உட்கார் தம்பி. கிளப் ஒப்பந்தம் ஒரு சீசனுக்கு. மகளிர் லீக் முடிந்ததும் மீதி மாதங்களில் சோறு யார் போடுவது? 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது அவர் சென்னையில் சப்-இன்ஸ்பெக்டராக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். மறு ஜனவரியில் ஆசியக் கோப்பை இந்திய அணியில் பெயர் இருந்தது. ஆட்டம் எங்கே போச்சு? அந்தக் கோப்பையைக் கெடுத்தது கொரோனா. ஈரானுடன் 0-0, அடுத்த ஆட்டத்துக்கு இறக்க ஆள் தேறாமல் இந்தியா வெளியேறியது. காக்கிச்சட்டைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

அதே தம்பி: டியூட்டி பார்த்துவிட்டு வந்து எப்படிப் பயிற்சி எடுப்பது?

இது நியாயமான கேள்வி. அதிகாரி மனசு வைத்தால் மைதானம், இல்லையென்றால் பந்தோபஸ்து. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் 2019 மகளிர் லீக் இறுதிக்கு வந்ததே மணிப்பூர் போலீஸ் அணி. மதுரை சேது எஃப்சி அவர்களை 3-1 என்று ஜெயித்தது, சரி. ஒரு போலீஸ் அணி இறுதிவரை வந்ததா இல்லையா? முழு நேர கிளப் என்கிறாயே, அந்தப் பெண்ணுக்கு முட்டிச் சவ்வு கிழிந்தால் அடுத்த மாத வாடகைக்கு என்ன வழி? பெண்களுக்கு அந்தக் காயம் ஆண்களைவிட அதிகம் வரும்.

முதுநகர்: நடுவில் வருகிறேன், தம்பி சொல்வதிலும் அர்த்தம் இருக்கிறது. வெளிநாட்டுப் பெண்கள்...

அங்கே லீக்கே வேறு. இங்கே ஒரு பெண் இருபத்தைந்து வயதில் வீட்டில் என்ன பதில் சொல்வாள் என்று பாருங்கள். "எஸ்.ஐ." என்று சொன்னால் அப்பா வாயடைத்துப் போவார், கல்யாணப் பேச்சும் கொஞ்ச நாள் தள்ளிப் போகும். அந்தக் கொஞ்ச நாளில்தான் அவள் ஆட்டம் முதிரும்.

அதே தம்பி: அப்போ...

போதும் தம்பி. மற்றவர்களும் காத்திருக்கிறார்கள்.

பண்ருட்டி: எங்க ஊர்ப் பெண் யாராவது?

சந்தியா ரங்கநாதன். இந்தியாவுக்கு ஆடியவர். இதைப் பண்ருட்டிக்காரர் என்னிடம் கேட்கலாமா?

உப்பளம்: இந்துமதியின் நம்பர் கிடைக்குமா?

கிடைக்காது.

மஞ்சக்குப்பம்: டிரயலில், அதான் அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வில், சேர்க்க ஒருவர் பணம் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். பிறந்த சான்றிதழையும் அவர் கையில் கொடுக்காதீர்கள். வயதை மாற்றுகிறவர்களும் பெரும்பாலும் இதே ஆட்கள்தான்.

அரியாங்குப்பம் அம்மா: மகளுக்கு 9 வயது. எந்தப் பந்து வாங்கலாம்?

4-ஆம் எண். கடைக்காரர் 5-ஐத் தலையில் கட்டப் பார்ப்பார், வாங்காதீர்கள். ஷூவை மட்டும் மாலையில் போய் வாங்குங்கள், நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது அளவு சரியாகத் தெரியும்.