முடிக்காத பாடநெறிகள்

வணக்கம் ஐயா,

நான் ஹப்புத்தளையில் இருக்கிறேன். முப்பத்திரண்டு வருஷம் ஆசிரியையாக இருந்து போன வருஷம்தான் ஓய்வு பெற்றேன். கொழும்பில் இருக்கும் மகன் ஃபோனில் இலவசப் பல்கலைக்கழகப் பாடநெறிகளைக் காட்டிக் கொடுத்தான். வானியல், உளவியல், உலக வரலாறு, பொருளியல் என்று நான்கில் சேர்ந்தேன். ஒன்றைத்தான் முடித்தேன். மற்ற மூன்றும் பாதியில் நிற்கின்றன. விரிவுரையாளர்கள் பேசும் வேகத்துக்கு என் ஆங்கிலம் ஈடு கொடுக்க மாட்டேன் என்கிறது. நிறுத்தி நிறுத்தி, அகராதி பார்த்து, பத்து நிமிஷ விரிவுரைக்கு ஒரு மணித்தியாலம் போகிறது. "சர்டிபிகட்டும் இல்ல, இனி வேலைக்கும் போகப் போறதில்ல, எதுக்கு அத்தை கண்ணைக் கெடுத்துக்கிறீங்க?" என்று மருமகள் கேட்கிறாள். அக்கறையில்தான் கேட்கிறாள். எனக்குத்தான் பதில் சொல்லத் தெரியவில்லை. இது வீண் வேலையா?

(பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

*

அன்புள்ள டீச்சர்,

வீண் வேலை இல்லை. உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். மூன்று தடவையும் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது.

முதலில் பாதியில் நிற்கும் அந்த மூன்றைப் பற்றி. இந்தப் பாடநெறிகளில் சேர்கிறவர்களில் மிகப் பெரும்பாலானோர் முடிப்பதில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களான ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் நடத்திய பாடநெறிகளை ஆராய்ந்து பார்த்தபோது, 2017-18இல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான் இருந்தார்கள். நீங்கள் நான்கில் ஒன்றை முடித்திருக்கிறீர்கள். வருஷம் முடிவதற்குள் பாடத்திட்டத்தை முடித்தாக வேண்டும் என்று முப்பத்திரண்டு வருஷம் ஓடியவர் நீங்கள். அந்தப் பழக்கம் சட்டென்று விடாது. ஆனால் இப்போது உங்கள் கொப்பியைப் பார்க்க எந்தக் கல்விப் பணிப்பாளரும் வரப் போவதில்லை. பிடித்த இடத்தில் நில்லுங்கள், பிடிக்காததைத் தாண்டிப் போங்கள்.

என் கதை ஒன்றைச் சொல்கிறேன். 2020 ஊரடங்கு நேரம், தாவர நோய்களைப் பற்றிய விரிவுரைத் தொடர் ஒன்றைப் பார்க்கத் தொடங்கினேன். எங்கள் வீட்டில் ஃபோனுக்கு ஒழுங்காகச் சிக்னல் கிடைப்பது பின்வாசல் படியில் மட்டும்தான். அங்கே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காவது விரிவுரையோ ஐந்தாவதோ, விரிவுரையாளர் ஓர் இலையின் படத்தைப் போட்டு "சிலோன்" என்றார். கோப்பி இலை. மேலே மஞ்சள் புள்ளிகள், அடியில் செம்மஞ்சள் தூள். நிமிர்ந்து பார்த்தால் மூன்று எட்டுத் தூரத்தில் எங்கள் கோப்பிச் செடி நிற்கிறது. ஃபோனைப் படியிலேயே வைத்துவிட்டுப் போய் ஓர் இலையைத் திருப்பினேன். அதே தூள். பெருவிரலால் தடவினால் மஞ்சள் அரைத்த கை மாதிரி ஒட்டிக்கொண்டது. சின்ன வயதிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த தூள்தான். அதற்கு ஒரு பெயர் இருக்கும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ். கோப்பி இலையில் துரு மாதிரி அந்தத் தூளை உண்டாக்கும் பங்கசு, அதாவது பூஞ்சை. ஹெமிலியா என்றால் பாதி வழவழப்பு என்று அர்த்தமாம். அந்தப் பங்கசின் வித்தி, அதாவது அது பரவ உதவும் நுண்ணிய துகள், ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் சொரசொரப்பாகவும் இருப்பதால் வந்த பெயர். வாஸ்டாட்ரிக்ஸ் என்றால் நாசம் செய்பவள். 1869இல் உங்கள் பதுளைப் பக்கம், மடுல்சீமையில் தென்பட்டது. மார்ஷல் வார்ட் என்ற இளம் ஆராய்ச்சியாளர் 1880இல் இங்கே வந்து இரண்டு வருஷம் இருந்தார். கண்ணாடித் தகடுகளை வைத்துக் காற்றில் வரும் வித்திகளைப் பிடித்துப் பார்த்தார். மலை மலையாக ஒரே பயிரை நெருக்கி நட்டதுதான் நோய்க்கு வழி திறந்துவிட்டது என்பதையும் சொன்னார். சொல்லி என்ன, காலம் கடந்துவிட்டது. இருபது வருஷத்துக்குள் கோப்பி போய்த் தேயிலை வந்தது.

இதுவரை எல்லாம் விரிவுரையில் இருந்தது. அப்புறம் வந்தது விரிவுரையில் இல்லை, படியில் உட்கார்ந்திருந்த எனக்குத் தோன்றியது. கோப்பி பருவ வேலை. நம் ஆட்கள் தென்னிந்தியாவிலிருந்து மாத்தளைப் பாதையால் நடந்து வந்து, பழம் பறித்துவிட்டுப் பெரும்பாலும் ஊர் திரும்பினார்கள். தேயிலைக்கு வருஷம் முழுவதும் ஆள் வேண்டும். அதனால்தான் லயங்களில், அந்த வரிசை வீடுகளில், குடும்பம் குடும்பமாகத் தங்கினார்கள். என் பாட்டனுக்குப் பாட்டன் இந்த மலையில் நிலைத்ததற்கு என் பெருவிரலில் ஒட்டியிருந்த அந்தத் தூளும் ஒரு காரணம். கையைக் கழுவாமல் வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அந்தத் தொடரில் இன்னும் பதினாலு விரிவுரை பாக்கி. இன்றுவரை பார்க்கவில்லை. எனக்கு அதில் குறை ஒன்றும் தெரியவில்லை.

மருமகளின் கேள்விக்கு வருகிறேன். அது அவர் ஒருவரின் கேள்வி இல்லை, நம் மலையகம் முழுவதும் கேட்டு வளர்ந்த கேள்வி. "நல்லா படி, இல்லாட்டி கூடையத் தூக்கிக்கிட்டு மலைக்குத்தான் போகணும்" என்று என் அம்மா சொன்னார். உங்கள் வீட்டிலும் யாராவது சொல்லியிருப்பார்கள். அதில் பிழையே இல்லை. படிப்பு மட்டும்தான் தோட்டத்தை விட்டு வெளியே போகும் பாதையாக இருந்தது. ஓ.எல்., ஏ.எல்., வேலை, சம்பளம், தம்பி தங்கச்சிகளைக் கரை சேர்ப்பது என்று ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு பாரம் கட்டியிருந்தது. நட்சத்திரத்தைப் பற்றி, அது எப்படி எரிகிறது என்று தெரிந்துகொள்ளும் ஆசைக்காக மட்டும் படிக்க நம் அம்மாக்களில் யாருக்கு நேரம் இருந்தது? கொழுந்து நிறுத்துவிட்டு வீட்டுக்கு வரும்போதே இருட்டிவிடும். உங்களுக்கு இப்போது அந்த நேரம் கிடைத்திருக்கிறது. உழைத்துச் சம்பாதித்த நேரம். அதை எதற்காகச் செலவழிக்கிறீர்கள் என்று யாருக்கும் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. மருமகளிடம் கோபப்படாமல் இதையே சொல்லுங்கள், புரிந்துகொள்வார். முடிந்தால் ஒரு நாள் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு விரிவுரையைச் சேர்ந்து பாருங்கள்.

ஆங்கில விஷயம் உண்மையான கஷ்டம்தான். அதற்கு இரண்டு மூன்று வழி இருக்கிறது. வீடியோவின் வேகத்தை முக்காலாகக் குறைத்து, வசன வரிகளைப் போட்டுப் பார்க்கலாம். அதைவிட, பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகத்தின் ஓப்பன்லேர்ன் தளத்தைப் பாருங்கள். அதில் பெரும்பாலும் வாசிக்கும் பாடங்கள்தான், யாரும் ஓடமாட்டார்கள், டேட்டாவும் கொஞ்சமாகத்தான் போகும். முடித்தால் பங்குபற்றியதற்கான அத்தாட்சி ஒன்றையும் காசு வாங்காமலே தருகிறார்கள். எம்.ஐ.டி. 2001இல் அறிவித்த ஓப்பன் கோர்ஸ்வேர் என்ற இலவசப் பாடத் தளத்தில் பெயர் பதியக்கூட வேண்டாம். மகன் வரும்போது பாடங்களை இறக்கி வைத்துத் தரச் சொன்னால் கரண்ட் இல்லாத நேரத்திலும் பார்க்கலாம். இந்திய உச்சரிப்பு காதுக்குச் சுலபமாக இருந்தால் இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களான ஐ.ஐ.டி.களின் என்.பி.டி.இ.எல். என்ற இணைய விரிவுரைகள் இருக்கின்றன.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது குறிப்பு எடுப்பதைப் பற்றி. தமிழில் எழுதுங்கள். பத்து நிமிஷத்துக்கு ஒரு மணித்தியாலம் போகிறது என்று குறைபட்டிருக்கிறீர்கள். அந்த ஒரு மணித்தியாலத்தில்தான் நீங்கள் படிக்கிறீர்கள், டீச்சர். ஓர் ஆங்கில வாக்கியத்தை நிறுத்தி, உடைத்து, உங்கள் பேச்சில் திருப்பிச் சொல்லும்போதுதான் அது உங்களுடையதாகிறது. வேகமாகப் பார்த்து முடிக்கிறவருக்கு அது கிடைக்காது.

வானியலும் பாதியில் நிற்கிறது என்றால், அதைத் திரும்ப எடுக்கச் சொல்வேன். காரணம் உங்கள் ஊர். பாடம் நடத்துகிறவர் வடக்குத் தேசத்தில் நின்றுகொண்டு துருவ நட்சத்திரத்தை அண்ணாந்து பார்க்கச் சொல்வார். ஹப்புத்தளையிலிருந்து அது அடிவானத்துக்கு மேலே ஏறக்குறைய 7 பாகையில்தான் நிற்கும். கையை நீட்டி முஷ்டியைப் பிடித்தால் அதன் அகலம் சுமாராக 10 பாகை, அதாவது ஒரு முஷ்டிகூட இல்லை. மலை மறைத்துவிடும். உங்களுக்குத் தெற்குப் பக்கம்தான் வாசல் மாதிரித் திறந்து கிடக்கிறதே, அங்கே பாருங்கள். ஏப்ரலில், மழை விட்டு மேகம் கலைந்த ஓர் இரவு, பத்து பதினொரு மணிக்கு, கீழ்நாட்டு வெளிச்சங்களுக்கு மேலே இரண்டு முஷ்டி உயரத்தில் நாலு நட்சத்திரம் சிலுவை மாதிரி நிற்கும். தென்சிலுவை. லண்டனில் இருக்கிறவருக்கு அது ஒரு நாளும் உதிக்காது. சால்வையைப் போர்த்திக்கொண்டு வெளியே வாருங்கள், மருமகளையும் கூப்பிடுங்கள்.

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். நான்கில் ஒன்றை முடித்ததாக எழுதியிருக்கிறீர்கள், எதை முடித்தீர்கள் என்று எழுதவில்லையே. அடுத்த கடிதத்தில் அதைப் பற்றி விரிவாக எழுதுங்கள்.

அன்புடன்.