வென்ட் பைப்பை சீலிங்குக்குள்ளேயே முடித்துவிடலாமா?

கேள்வி: ராயபுரத்தில் எங்களுடையது பழைய வீடு. கீழே ஒரு கழிவறை, மாடியில் ஒன்று. மாடிக்கு மேல் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். அதற்குக் கீழே போன வருடம் பிவிசி சீலிங் போட்டோம். இரண்டு கழிவறைகளின் வென்ட் பைப்பும் தனித்தனியாக ஷீட்டைத் துளைத்துக்கொண்டு மேலே போகின்றன. இரண்டு இடத்திலும் மழைக்கு ஒழுகுகிறது. "ரெண்டையும் சீலிங்குக்கு மேல சேர்த்து அங்கேயே விட்டுடலாம், ஓட்டையே வேணாம்" என்கிறார் பிளம்பர். செய்யலாமா?

பதில்: சேர்க்கலாம் அம்மா, தாராளமாக. அங்கேயே விடுவதுதான் கூடாது. சேர்த்த பிறகு ஒரே பைப்பாக வெட்டவெளிக்குக் கொண்டுபோய்த்தான் ஆக வேண்டும்.

நாற்றத்தை வெளியேற்றத்தான் வென்ட் பைப் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி வேலைதான். மாடியில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால், அது பைப்பில் இறங்கும்போது பின்னாலேயே காற்றை இழுக்கும். வென்ட் வழியாகக் காற்று கிடைக்காவிட்டால், கீழ்த்தள நானி ட்ராப்பில் (பாத்ரூம் தரையில் தண்ணீர் வடியும் வாய்க்குக் கீழே இருக்கும் கிண்ணம்) நிற்கும் தண்ணீரை உறிஞ்சிவிடும். இரண்டு அங்குல உயரம்கூட இல்லாத அந்தத் தண்ணீர்தான் உங்கள் வீட்டுக்கும் தெருச் சாக்கடைக்கும் நடுவே நிற்கும் கதவு. மேலே ஊற்றினால் கீழே 'களக் களக்' என்று சத்தம் வருகிறதா? கதவு ஆட ஆரம்பித்துவிட்டது என்று பொருள்.

பைப்பை சீலிங்குக்குள் முடித்தால், சாக்கடையிலிருந்து ஏறிவரும் காற்று அங்கேயே தங்கும். பாதாளச் சாக்கடையில் இறங்குபவர்களைக் கொல்லும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அதில் உண்டு. வீட்டில் அந்த அளவுக்குச் சேராது, பயப்பட வேண்டாம். ஆனால் தலைக்கு மேல் ஒரு சாக்கடை வாயைத் திறந்துவைத்துத் தூங்க வேண்டுமா?

இந்த இடத்தில் பிளம்பர் ஒரு வால்வைக் காட்டுவார். "காத்தை உள்ளே மட்டும் இழுக்கும், வெளியே விடாது, இதைப் போட்டா சீலிங்குக்குள்ளேயே முடிச்சுக்கலாம்" என்பார். அப்படி ஒரு வால்வு உண்மையிலேயே இருக்கிறது, வேலையும் செய்யும். அதைப் போட்டாலும் வீட்டில் ஏதாவது ஒரு வென்ட் பைப் வானத்தைப் பார்த்துத் திறந்திருக்க வேண்டும். அதை விற்பவர் சொல்ல மாட்டார். நம் பக்கத்து நிலைமை வேறு. ஐப்பசி, கார்த்திகையில் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும்போது சாக்கடைக் குழாய் நிரம்பி, உள்ளிருக்கும் காற்று வீட்டுப் பக்கம் தள்ளப்படும். வால்வு அதை வெளியே விடாது, மூடிக்கொள்ளும். அப்புறம் அந்தக் காற்று நானி ட்ராப் வழியாகத்தான் கொப்பளித்து வரும். மூன்றாவது பாத்ரூம் ஒன்று கட்டி, அதற்கு மட்டும் வால்வு போடுகிறேன் என்றால் சரி. இருக்கிற இரண்டையும் சேர்த்து அதில் முடிக்காதீர்கள்.

இன்னொரு கூட்டம் வரும். நாற்றம் என்றதும் எக்ஸாஸ்ட் ஃபேன் போடச் சொல்வார்கள், ஏதோ ஒரு திரவத்தை மாதாமாதம் ஊற்றச் சொல்வார்கள். ட்ராப்பில் தண்ணீர் இல்லாத பாத்ரூமில் கதவைச் சாத்தி எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினால், அது சாக்கடைக் காற்றைத்தான் இழுத்துக் கொடுக்கும். வென்ட்டை மழைநீர் பைப்போடு சேர்த்துவிடலாம் என்பவரை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள்.

சரி, எப்படிச் சேர்ப்பது? மாடிக் கழிவறையின் பீங்கான் விளிம்புக்கு மேல் அரை அடியாவது உயரத்தில் சேர வேண்டும். சீலிங்குக்கு மேலே என்பதால் அது தானாகவே அமைந்துவிடுகிறது. சேர்ந்த பிறகு போகும் பைப் நாலு அங்குலம் இருக்கட்டும். படுக்கையாகப் போகும் பைப், அடிக்குக் கால் அங்குலம் வீதம், கீழிருந்து ஏறிவரும் பைப்பை நோக்கிச் சரிய வேண்டும். உள்ளே வியர்க்கும் நீர் திரும்பி வடிய அதுதான் வழி.

நம் ஊரில் கோட்டைவிடுவது இங்கேதான். அக்னி நட்சத்திரத்தில் ஷீட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவே அடுப்பு மாதிரி கொதிக்கும். பிவிசி பைப் இளகித் தொய்யும். தொய்ந்த இடத்தில் தண்ணீர் தேங்கும். தேங்கிய தண்ணீர் காற்றை அடைக்கும். வெளியிலிருந்து பார்த்தால் பைப் நன்றாகவே இருக்கும், வென்ட் மட்டும் செத்திருக்கும். அதனால் மூன்றடிக்கு ஒரு கிளாம்ப் அடியுங்கள். கடல் காற்றுக்கு சாதா இரும்புக் கிளாம்ப் துருப்பிடித்துவிடும், எஸ்எஸ் வாங்குங்கள்.

ஒழுகலுக்குத் தீர்வு: இரண்டு பழைய ஓட்டைகளையும் அடைத்துவிட்டு, ஷீட்டுக்குக் கீழே பக்கச் சுவர் வழியாகப் பைப்பை வெளியே எடுத்து, சுவரோரமாக மேலே ஏற்றுங்கள். அப்போதும் சரிவு வீட்டுக்குள் இருக்கும் பைப்பை நோக்கித்தான். ஆஸ்பெஸ்டாஸை உலர்ந்தபடி துளைக்கவோ அறுக்கவோ விடாதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. பைப்பின் வாய் கூரையைவிட நன்றாக உயர்ந்திருக்கட்டும், பக்கத்து வீட்டு ஜன்னலுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் தள்ளி. மத்தியானத்துக்கு மேல் நமக்குக் கடல் காற்று கிழக்கிலிருந்து வரும். வீட்டின் கிழக்கு ஓரத்தில் வைத்தால் நாற்றம் உங்கள் வீட்டுக்குள்ளேயே திரும்பும்.

பொருளை நீங்களே போய் வாங்குங்கள். கடைக்கும் மேஸ்திரிக்கும் நடுவே கமிஷன் ஓடுவது ஊரறிந்தது. எஸ்டபிள்யூஆர் (கழிவுநீருக்கான பைப்) என்று பில் போட்டு, மெல்லிய விவசாயப் பைப்பைத் தள்ளிவிடுவார்கள். பைப்பின் மேல் ஐஎஸ் 13592 என்று அச்சடித்திருக்க வேண்டும். வென்ட்டுக்கு ஏ டைப் போதும், மலம் போகும் பைப்புக்கு பி டைப். இதையெல்லாம் யாராவது வந்து பார்ப்பார்கள் என்று நினைக்காதீர்கள். பிளான் வரைபடத்தில் வென்ட் பைப் ஒரு கோடாக அழகாக நிற்கும், கையெழுத்தும் விழும். மொட்டை மாடி ஏறி அந்தக் கோடு எங்கே முடிகிறது என்று பார்த்த அதிகாரியை என் முப்பது வருட வேலையில் நான் சந்தித்ததில்லை.

ஆகவே நீங்களே பாருங்கள். வேலை முடிந்ததும் சீலிங் பலகையை மாட்ட விடாதீர்கள். மாடியில் இரண்டு வாளித் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றச் சொல்லிவிட்டு, கீழே நானி ட்ராப்பில் டார்ச் அடியுங்கள். தண்ணீர் லேசாக ஆடினால் பரவாயில்லை. மட்டம் இறங்கினால், மீதிக் கூலியைக் கையிலேயே வைத்துக்கொண்டு பிளம்பரை மறுபடி ஏணியில் ஏற்றுங்கள்.