வீட்டு விலை சரிந்தால் ரியல் எஸ்டேட் ஏஜெண்டுக்கு என்ன வேலை?

"சந்தை படுத்துவிட்டால் ஏஜெண்டுகள் சும்மாதானே இருப்பார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. 2008 சரிவின்போது அமெரிக்காவில் அவர்கள் வருமானம் சுருங்கியது, அலைச்சல் கூடியது.

அங்கே பெரும்பாலான ஏஜெண்டுகளுக்கு மாதச் சம்பளம் கிடையாது. விற்பனை முடிந்தால்தான் கமிஷன். அதிலும் எதிர்த்தரப்பு ஏஜெண்டுக்கும் தன் நிறுவனத்துக்கும் பங்கு போய்விடும். லாஸ் வேகாஸ், ஸ்டாக்டன் போன்ற ஊர்களில் எத்தனையோ வீடுகளின் மதிப்பைவிடக் கடன் பாக்கி அதிகமாகிவிட்டது. பாக்கியைவிடக் குறைந்த விலைக்கு விற்க வங்கி சம்மதிக்க வேண்டும். இதைத்தான் ஷார்ட் சேல் என்பார்கள். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு விவரம், கஷ்டத்தை விளக்கும் கடிதம் எல்லாம் சேர்த்து அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்குள் வாங்க வந்தவர் பொறுமையிழந்து போய்விட்டால், மறுபடி முதலிலிருந்து. வேலை போன குடும்பத்தின் எதிரே உட்கார்ந்து அந்தக் கடிதத்தை எழுதி வாங்குவது இருக்கிறதே, இந்தத் தொழிலில் அதைவிடக் கடினமான வேலை இல்லை என்பேன்.

தெருக்களும் மாறின. கலிபோர்னியாவில் ஜப்தியான வீடுகளின் நீச்சல் குளங்கள் பச்சை பிடித்துக் கொசு பெருகியது. கொசு ஒழிப்புப் பணியாளர்கள் கொசுப்புழு தின்னும் மீன்களை அவற்றில் கொண்டுவந்து விட்டார்கள். ஆளில்லாத வீட்டில் புல் மண்டினால் தங்கள் வீட்டு விலையும் இறங்குமே என்று அக்கம்பக்கத்தாரே வெட்டிவிட்டதும் உண்டு. சாவியைக் கொடுத்துவிட்டுக் கிளம்புவோருக்கு வங்கி தரும் சிறு தொகையைப் பேசி முடிப்பதும் ஏஜெண்டு தலையில்தான் விழுந்தது.

அப்புறம், 2009இல் முதல் வீடு வாங்குவோருக்கு 8,000 டாலர் வரை வரிச்சலுகை அறிவித்தபோது, புது வாடிக்கையாளர்கள் மெல்ல வரத் தொடங்கினார்கள்.