அதிகம் பேசப்படாத இளம் இந்திய விளையாட்டு வீராங்கனை என்றால் யாரைச் சொல்வீர்கள்?

லால்ரெம்சியாமி. இந்திய மகளிர் ஹாக்கி அணியில் ஃபார்வர்டாக, அதாவது கோல் அடிக்கும் முன்வரிசை ஆட்டக்காரராக வந்தவர். அணியில் எல்லோருக்கும் 'சியாமி'.

மிசோரம் மாநிலம் கோலாசிப்பில், விவசாயக் குடும்பத்தில் 2000-ல் பிறந்தவர். 11 வயதிலேயே வீட்டைப் பிரிந்து தென்சால் என்ற ஊரில் இருந்த அரசு ஹாக்கி விடுதியில் சேர்ந்தார். 2016-ல் டெல்லியில் உள்ள தேசிய ஹாக்கி அகாடமிக்கு வந்தபோது அவருக்குப் பேசத் தெரிந்தது மிசோ மொழி மட்டும்தான். இந்தியும் வராது, ஆங்கிலமும் வராது. ஆரம்ப நாட்களை சைகையிலேயே ஓட்டியிருக்கிறார்.

நான் அவரைக் கவனிக்க ஆரம்பித்ததே இதனால்தான். 22 வயதில் இந்தி தெரியாமல் வேலைக்காக டெல்லி போனவன் நான். சாப்பாட்டு மேஜையில் எல்லோரும் சிரிக்கும்போது எதற்கென்று புரியாமல் உட்கார்ந்திருந்த அந்த மூன்று மாதங்கள் இன்னும் மறக்கவில்லை. எனக்காவது கைவசம் ஆங்கிலம் இருந்தது. இவருக்கு அதுவும் இல்லை, வயதும் 16. போதாக்குறைக்கு ஹாக்கி கத்திக் கத்தி ஆடுகிற ஆட்டம். ஃபார்வர்ட் பல நேரம் எதிரணி கோலுக்கு முதுகு காட்டித்தான் பந்தை வாங்குவார். பின்னால் ஆள் வருகிறதா, இடப்பக்கம் யாராவது தனியாக நிற்கிறார்களா என்பதெல்லாம் சக ஆட்டக்காரர்களின் குரலில்தான் தெரியும். அந்தக் குரல் புரியாமல் ஆடிப் பாருங்கள், அப்போது தெரியும் கஷ்டம்.

இந்தியைக் கற்றுக்கொடுத்தவர்களில் முக்கியமானவர் அன்றைய கேப்டன் ராணி ராம்பால். 2010 உலகக் கோப்பையில் 15 வயதில் ஆடியவர் அவர். முகாமில் ஆகச் சின்னப் பெண்ணாக இருப்பது எப்படியிருக்கும் என்று அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அதன்பிறகு சியாமி வளர்ந்த வேகம் அசாத்தியமானது. 2018 ஒரே ஆண்டில் லண்டன் உலகக் கோப்பை, ஜகார்த்தா ஆசியப் போட்டியில் வெள்ளி, பியூனஸ் அயர்ஸ் இளையோர் ஒலிம்பிக்கில் இன்னொரு வெள்ளி.

2019 ஜூன், ஹிரோஷிமா. டோக்கியோ ஒலிம்பிக்குக்கான தகுதிச் சுற்றில் இடம் வேண்டுமென்றால் அங்கே நடந்த தொடரில் இறுதிப்போட்டிக்குள் நுழைந்தாக வேண்டும். சிலியுடன் அரையிறுதி. அதற்கு முந்தைய நாள் ஊரில் அப்பா மாரடைப்பில் இறந்துவிட்டார் என்று செய்தி வருகிறது. ஊருக்குப் போகலாம் என்று அணி சொல்லியும் அவர் போகவில்லை. அப்பா பெருமைப்படும்படி ஆட வேண்டும் என்று தங்கிவிட்டார். சிலியை 4-2 என்றும், மறுநாள் இறுதியில் ஜப்பானை 3-1 என்றும் இந்தியா வென்றது. ராணி அந்த வெற்றியை சியாமியின் அப்பாவுக்குச் சமர்ப்பித்தார்.

அப்போது பலர் இதைத் 'தியாகம்' என்று எழுதினார்கள். எனக்கு அந்தச் சொல் உறுத்துகிறது. 19 வயதுப் பெண் அப்பாவின் முகத்தைக் கடைசியாக ஒருமுறை பார்க்காமல் போனதை நாம் கொண்டாடக் கூடாது. ஊருக்குக் கிளம்பியிருந்தாலும் யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க முடியாது. நான் மதிப்பது அந்த நிலையில் அவரே யோசித்து முடிவெடுத்ததை. 11 வயதில் வீட்டைவிட்டு வந்தது எதற்காக என்று அவரைவிட யாருக்குத் தெரியும்?

அந்த இரண்டு ஆட்டங்களின் மதிப்பு பின்னால்தான் தெரிந்தது. நவம்பரில் புவனேஸ்வரில் அமெரிக்காவுடன் தகுதிச் சுற்று. முதல் நாள் 5-1, மறுநாள் 1-4. மொத்தத்தில் 6-5, ஒரே ஒரு கோல் வித்தியாசம். அப்படிப் போன அணிதான் டோக்கியோவில் ஆஸ்திரேலியாவை 1-0 என்று வீழ்த்தி நான்காம் இடம் வரை வந்தது. சியாமி மிசோரமிலிருந்து ஒலிம்பிக் போன முதல் பெண் ஆனார். 2019-க்கான உலக ஹாக்கி சம்மேளனத்தின் வளரும் வீராங்கனை விருதும் அவருக்குத்தான்.

அடுத்த ஒலிம்பிக் கிடைக்கவில்லை. 2024 ஜனவரியில் ராஞ்சியில், அதே ஜப்பானிடம் 0-1 என்று தோற்றதில் பாரிஸ் கைநழுவியது. அதற்கு முந்தைய ஆண்டு ஹாங்சோ ஆசியப் போட்டியில் வெண்கலம் வாங்கிய அணி அது. அன்று இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதன்பின் அவரை நடுக்களத்தில் இறக்க ஆரம்பித்தார்கள். கோல் கணக்கில் பெயர் வருவது குறையும் இடம் என்பதால் சில ரசிகர்களுக்கு இதில் வருத்தம். எனக்கு இல்லை. நடுக்களத்தில் ஆடுபவருக்கு முழு மைதானமும் கண்ணில் படும். முன்னால் முதுகு காட்டி நிற்கிற சின்னப் பெண்ணுக்கு "பின்னால் ஆள்" என்று கத்த வேண்டியவர் இப்போது சியாமி.