நாட்டுக்கோழி முட்டை மிஞ்சினால்: கேள்வி பதில்

பல்லடம் பக்கம் 12 வருசமா நாட்டுக்கோழி வளர்க்கிறேன். ஒரு மாசம் கூடை வழியும். எல்லாக் கோழியும் ஒண்ணா அடைக்கு உட்கார்ந்துட்டா ஆம்லெட்டுக்கு ஒத்தை முட்டை தேறாது. மிஞ்சினதை வைக்கப் பழகினது அப்படித்தான். கேளுங்க.

ஈரோடு: அக்கா, சுண்ணாம்புத் தண்ணியில போட்டா முட்டை ஒரு வருசம் நிக்கும்ங்கிறாங்களே, நிஜமா?

அந்த ஒரு வருசக் கணக்கு குளிர்நாட்டு நிலவறைக்குச் சொன்னதுங்க. நமக்குச் சித்திரையில வீட்டுக்குள்ளேயே 35 டிகிரி. இருட்டான உள்ளறையில வெச்சாலும் நான் 3 மாசத்துக்கு மேல நம்பறதில்லை.

லிட்டர் தண்ணிக்கு 30 கிராம் நீத்த சுண்ணாம்புத் தூள். கரையறது அதுல 2 கிராம்கூட வராது, மீதி அடியில படியும். படியட்டும், தண்ணியோட காரத்தன்மை குறையாம பார்த்துக்கறதே அந்த வண்டல்தான். அந்தக் காரத்துல கிருமி பெருகாது, ஓட்டுத் துளையும் அடைபடும். ஊறுகாய் ஜாடி நல்லது. அலுமினியக் குண்டா வேண்டாம், அரிச்சிடும்.

முட்டை அன்னைக்கு இட்டதா இருக்கணும், கூர்முனை கீழே. போடறதுக்கு முன்னாடி ரெண்டு ரெண்டு முட்டையாக் காதுகிட்ட வெச்சு ஒண்ணோட ஒண்ணு மெதுவா தட்டிப் பாருங்க. நல்லதுன்னா 'டிக்'குன்னு கூழாங்கல் மாதிரி கேட்கும். கீறல் விட்டது ஓட்டைச் சட்டி மாதிரி 'சொத்'துன்னும். அது ஒண்ணு உள்ளே போனா ஜாடி மொத்தமும் போச்சு.

பெயிண்ட் கடைச் சுண்ணாம்பு வேண்டாம். நிறம், வாசனை சேர்க்காத வெத்தலைச் சுண்ணாம்பு எடுங்க. பசையா இருந்தா அளவைக் கூட்டிக்கோங்க.

கரூர்: கழுவிட்டுப் போடலாமா?

கூடாது. முட்டை வெளியே வரும்போதே மேல ஒரு மெல்லிய பூச்சோட வருது. ஓட்டுல ஆயிரக்கணக்கான துளை இருக்கு, அதை மூடறது அந்தப் பூச்சுதான். கழுவினா அதுவும் சேர்ந்து போயிடும். எச்சம் ஒட்டினதை அன்னைக்கே சமைச்சிடுங்க.

தாராபுரம்: தவிட்டுல புதைச்சு வெச்சேன். பத்தே நாள்ல உடைச்சா உள்ளே ரத்த நரம்பு. ஏன்?

இதுதான் கேட்க வேண்டிய கேள்வி. உங்க மந்தையில சேவல் இருக்குல்ல? அடைக்கு வேண்டிய சூடு 37.5 டிகிரி. கரு அசைய ஆரம்பிக்க அவ்வளவுகூட வேண்டாம், 25, 27 போதும். நம்ம ஊர்ல தவிட்டுப் பானையே பாதி அடைகாக்கும் கோழி. வெயில் நாள்ல கோழியே தேவையில்லாம கரு வளர ஆரம்பிச்சிடும், முழுசா வளராம செத்து நாறும். தவிட்டு மேல தப்பில்லை.

அதனால சேர்த்து வைக்கப்போற முட்டைக்குச் சேவலைத் தனியா அடைங்க. பிரிச்ச பிறகும் ரெண்டு, மூணு வாரம் கருவுள்ள முட்டை வரும், பொறுங்க. சேவல் முட்டைதான் இருக்குன்னா 57 டிகிரி வெந்நீரில 15 நிமிசம் வெச்சு எடுத்தா கரு செத்துடும். தெர்மாமீட்டர் இல்லாம இறங்காதீங்க, கொஞ்சம் மீறினா வெள்ளைக்கரு வெந்துடும்.

கோவை: சேவல் சேராத முட்டைன்னா அது சைவம்தானே?

வந்துட்டீங்களா! காந்தியே, பால் குடிக்கிறவங்க கருவில்லாத முட்டையை மறுக்கக் காரணமில்லைன்னு எழுதியிருக்கார்.

சேலம்: காந்தி சொன்னா ஆச்சா? பாக்கெட்ல முட்டைக்கு அசைவக் குறிதானே போடறாங்க?

ஆமா, இந்தியச் சட்டத்துல பால் சைவம், முட்டை அசைவம்.

கோவை: சட்டம் தப்பா இருக்கலாமே. உயிரே இல்லாததுல எங்கிருந்து வந்துச்சு அசைவம்?

சேலம்: அப்போ உங்க வீட்டுப் பூஜையறையில வைங்களேன், பார்ப்போம்!

மதுரை: பால் மட்டும் ஆகாயத்திலிருந்தா வருது?

மூணு பேரும் தனியா ஒரு டீக்கடையில உட்காருங்க. எங்க மாமியார் முட்டையைத் தொடமாட்டாங்க, ஆனா எந்தக் கோழி எங்கே ஒளிச்சு இடுதுன்னு அவங்களுக்குத்தான் தெரியும். எனக்கு அது போதும்.

திருச்சி: கடை முட்டையைச் சுண்ணாம்புல போடலாமா?

வேண்டாம். என்னைக்கு இட்டது, கழுவினதான்னு தெரியாது. ஃப்ரிட்ஜ்.

திண்டுக்கல்: லேசா ஈரத்துணியால துடைச்சா?

கரூர்க்காரருக்குச் சொன்னதைப் படிங்க.

நாமக்கல்: தண்ணியில மிதந்தா கெட்ட முட்டை, சரிதானே?

பழைய முட்டை, அவ்வளவுதான். நாளாக ஆக உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி காற்றறை பெருசாகுது, அதனால மிதக்குது. மூழ்கினது எல்லாம் நல்லதுன்னும் நினைக்காதீங்க. சால்மொனெல்லாங்கிற வயித்துப்போக்குக் கிருமி கோழி வயித்துக்குள்ளேயே முட்டையில ஏறலாம், அது மிதக்காது, நாறாது, சுண்ணாம்புக்கும் சாகாது. சேர்த்து வெச்ச முட்டையில ஆஃப்பாயில் வேண்டாம், மஞ்சள் கெட்டியாகணும். ஒவ்வொண்ணையும் தனி டம்ளர்ல உடைச்சுப் பார்த்துட்டு ஊத்துங்க.

சென்னை: வேகவெச்ச முட்டையை வினிகர்ல ஊறப்போட்டு வெளியே வைக்கலாமா?

கண்டிப்பா கூடாது. 1997-ல அமெரிக்காவுல இல்லினாய்ஸ் மாநிலத்துல ஒருத்தர் வீட்டுலயே முட்டை ஊறப்போட்டார். பல்குச்சியால குத்தி, வெளியவே வெச்சிருந்தார். பொட்டுலிசம்ங்கிற, நரம்பை முடக்குற உணவு நஞ்சு நோய் வந்து படுத்துட்டார். குத்தின இடத்துல கிருமி உள்ளே போச்சு, மஞ்சள் கரு வரைக்கும் புளிப்பு எட்டலை. ஃப்ரிட்ஜ்ல மட்டும் வைங்க.

பொள்ளாச்சி: ஃப்ரீசர்?

ஓட்டோட வேண்டாம், வெடிக்கும். உடைச்சு, ஒரு கப்புக்கு அரை டீஸ்பூன் உப்பு போட்டு அடிச்சு, ஐஸ் தட்டுல ஊத்துங்க. உப்பு இல்லைன்னா மஞ்சள் பசை மாதிரி கெட்டியாகிடும்.

அவிநாசி: கோழி ஒரு வாரமா முட்டையே இடலை.

கால்நடை மருத்துவரைப் பாருங்க.

உடுமலை: சுண்ணாம்பு ஜாடியில மேல வெள்ளையா ஆடை கட்டியிருக்கு. கெட்டுப்போச்சா?

இல்லைங்க. காற்று பட்டுச் சுண்ணாம்பு மறுபடி கல்லாகுது. தண்ணிக்கு அதுவே மூடி. கரண்டி போட்டுக் கலைக்காதீங்க. முட்டை எடுக்கக் கைவிடறப்போ அப்பளம் மாதிரி நொறுங்கும், ஒண்ணு ரெண்டு நாள்ல திரும்பக் கட்டிக்கும். எடுத்த முட்டையை அப்போ கழுவலாம். வேகவைக்கிறதா இருந்தா அகலமான முனையில ஊசியால ஒரு குத்து குத்துங்க. துளையெல்லாம் அடைச்சிருக்கும், காற்று போக வழியில்லாம வெடிச்சிடும்.