வாய்க்கால்கரைப் பதில்கள்: உரமாகிப் போன தீவு

கே: பசிபிக் கடலில் நவுரு என்ற குட்டி நாடு ஒரு காலத்தில் பணத்தில் புரண்டதாமே? இப்போது ஏன் பாஸ்போர்ட் விற்கிறது? ஆண்டவர்கள் சுருட்டிவிட்டார்களா?
- கொரடாச்சேரி வாசகர்

ப: சுருட்டல், ஊதாரித்தனம் எல்லாம் உண்டு. மெல்பர்னில் 52 மாடிக் கட்டடம் எழுப்பினார்கள். கடனில் அது 2004-ல் கைமாறியது. லண்டனில் ஓர் இசை நாடகத்துக்குப் பணம் கொட்டினார்கள், அதுவும் படுத்துவிட்டது. ஆனால் நான் கூட்டுறவுச் சங்கத்தில் உரமூட்டை எடை போட்டவன். எனக்கு உறுத்துவது வேறு.

தீவே மொத்தம் 21 சதுர கிலோமீட்டர். நீங்கள் திருவாரூர் போய்த் திரும்பும் நேரத்தில் சைக்கிளில் அதைச் சுற்றிவிடலாம். அதன் நடுமேட்டில் இருந்த பாஸ்பேட் என்ற உரக்கல்லை, 1968-ல் விடுதலை கிடைக்கும் முன்பே, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து மூன்றும் தங்கள் வயலுக்கு சூப்பர் பாஸ்பேட்டாக அள்ளிப் போயின. விடுதலைக்குப் பிறகு நவுருக்காரர்களே வெட்டி விற்றார்கள். மண் போன இடத்தில் இன்று ஊசி ஊசியாகச் சுண்ணாம்புப் பாறைதான். எங்கள் தெருவிலும் ஒருவர் மேல்மண்ணைக் காளவாய்க்கு விற்று மாடி வீடு கட்டினார். வீடு ஜோர். வயலில் கோரைகூட ஒழுங்காக முளைக்கவில்லை.

விடுதலைக்கு முன் வெட்டிக் கெடுத்த நிலத்துக்காக வழக்குப் போட்டு, 1993-ல் ஆஸ்திரேலியாவிடம் 10.7 கோடி ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு வாங்கினார்கள். சரியான வழக்கு, அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனாலும் வயிற்றுப்பாட்டுக்குச் சூரை மீன் பிடிக்க வரும் அயல்நாட்டுக் கப்பல்களிடம் உரிமக் கட்டணம் வாங்குகிறார்கள். 2001 முதல், படகில் வந்த அகதிகளை ஆஸ்திரேலியா அடைத்துவைக்க இடம் கொடுத்தார்கள். அடைபட்டவர்களில் ஈழத்தமிழரும் உண்டு.

இப்போது கடல் ஏறுகிறது. கரையோர வீடுகளை நடுமேட்டுக்கு மாற்ற வேண்டுமாம், அதாவது வெட்டித் தீர்த்த அதே மேட்டுக்கு! அந்தச் செலவுக்குத்தான் பாஸ்போர்ட் விற்பனை, அதாவது பணம் கட்டும் வெளிநாட்டாருக்குக் குடியுரிமை.

கே: நவுரு சீனா பக்கமா, தைவான் பக்கமா?
- பேரளம் வாசகி

ப: எந்த ஆண்டு என்று சொல்லுங்கள் அம்மா. தைவான் தன் பகுதி என்கிறது சீனா, அதனால் இரண்டில் ஒன்றோடுதான் தூதரக உறவு வைக்க முடியும். 2002-ல் சீனா, 2005-ல் தைவான், 2024 ஜனவரியில் மறுபடி சீனா. சுமார் பன்னிரண்டாயிரம் பேரே உள்ள நாடுதான், ஆனால் ஐ.நா. சபையில் இந்தியாவுக்கும் ஒரு ஓட்டு, அதற்கும் ஒரு ஓட்டு.