மலையைப் படம் எடுக்கிறீர்களா? சில கேள்விகள், பதில்கள்

நேரில் வானத்தை முட்டுகிற மலை, படத்தில் மண்மேடு மாதிரி வருகிறது. என்ன செய்வது?

பரந்த காட்சி என்றதும் எல்லாருக்கும் கை 16, 20 மி.மீ. லென்ஸ் பக்கமே போகிறது. அகன்ற பரப்பை அடக்கும் இந்த வைட் ஆங்கிளில் காலடிப் பாறை பூதாகரமாகும், தூரத்துச் சிகரம் சுருங்கிவிடும். தூரத்தை அருகே இழுக்கும் டெலி லென்ஸில், 70 முதல் 200 மி.மீ. வரை போய்ப் பாருங்கள். மலைக்கு என் பையிலிருந்து அடிக்கடி வெளியே வருவது அந்த லென்ஸ்தான்.

இன்னொன்று, மலையின் அளவு தெரிய ஒற்றை மரமோ, நடந்துபோகும் ஆளோ வேண்டும். நண்பரைக் கேமராவுக்கு மூன்றடி முன்னால் நிறுத்தினால் மலை அவர் தோளுக்குக் கீழே போய்விடும். அவரை இருநூறு அடி தள்ளி நடக்கவிட்டு டெலியில் எடுங்கள், அதே மலை அவர் தலைக்கு மேல் எழும்பி நிற்கும். லென்ஸைவிட, அவருக்கும் உங்களுக்கும் நடுவிலுள்ள தூரம் செய்கிற வேலை இது.

பனிச்சிகரம் சாம்பல் நிறத்தில் விழுகிறது. கேமராவில் கோளாறா?

இல்லை. எதைக் காட்டினாலும் அதை நடுத்தரச் சாம்பலாக்கப் பார்ப்பது, கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டரின் குணம். படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +1-இல் ஆரம்பியுங்கள். ஃபிரேம் முழுக்க வெயில் படும் பனி என்றால் இன்னும் கொஞ்சம் ஏற்றலாம். அப்புறம் ஹிஸ்டோகிராம், அதாவது இருட்டு இடப்பக்கம், வெளிச்சம் வலப்பக்கம் என்று காட்டும் வரைபடம். அது வலது ஓரத்தை நெருங்கலாம், முட்டக் கூடாது. திரையை நம்பாதீர்கள், வெயிலில் எந்தப் படமும் அதில் இருட்டாகத்தான் தெரியும். அந்தி வெயிலில் சிகரம் சிவக்கும்போது மட்டும் மூன்று நிறங்களுக்கும் தனித்தனியாக உள்ள ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். பொதுவானது ஒழுங்காக இருக்கும்போதே சிவப்பு எல்லை தாண்டியிருக்கும்.

சிகரத்தில் வெயில், பள்ளத்தாக்கில் இருட்டு. கிராஜுவேட்டட் ஃபில்டர் வாங்கலாமா?

மேல்பாதி கறுத்த அந்தக் கண்ணாடியைக் கடலுக்கு வாங்குங்கள். மலையின் விளிம்பு நேர்கோடாக இருப்பதில்லை, அதனால் வானத்தோடு சிகரத்தின் மேல்பாதியும் கறுத்துவிடும். அந்தக் காசை ட்ரைபாடில் போடலாம். பிராக்கெட்டிங்கில், அதாவது ஒரே காட்சியை வெவ்வேறு வெளிச்ச அளவில், −2, 0, +2 என்று மூன்று படம் எடுத்துப் பிறகு இணைத்துக்கொள்ளுங்கள். இணைக்கும்போது பள்ளத்தாக்கை முழுக்க வெளிச்சமாக்கிவிடாதீர்கள். நிழல் இருந்தால்தான் வெயில் வெயிலாகத் தெரியும்.

ஒரே படம்தான் எடுக்க முடியும் என்றால் ராவில், அதாவது கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பாக எடுங்கள், சிகரத்தின் வெளிச்சத்துக்கு எக்ஸ்போஷர் வையுங்கள். நிழலில் புதைந்ததை ஓரளவு மீட்கலாம். வெளுத்துப்போன பனி போனது போனதுதான்.

முன்னால் பூக்கள், பின்னால் மலை. எஃப் 22 வைத்தும் படம் தெளிவில்லை.

எஃப் 22தான் காரணம். எஃப் எண் ஏற ஏற லென்ஸின் துளை சிறுக்கும், அவ்வளவு சிறுத்தால் ஒளி அதன் விளிம்பில் சிதறி மொத்தப் படமும் மங்கும். எஃப் 11 போதும். பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃபிரேம் கேமராவில் 20 மி.மீ. லென்ஸை எஃப் 11-இல் வைத்து ஒன்றேகால் மீட்டரில் ஃபோகஸ் செய்தால், சுமார் 65 செ.மீ. தொடங்கி மலைவரை தெளிவாக வரும். பூ அதைவிட அருகில் என்றால் பூவுக்கு ஒன்று, மலைக்கு ஒன்று என்று ஃபோகஸ் செய்து இரண்டு படம் எடுத்து இணையுங்கள். காற்றில் பூ ஆடுகிறதா? ஷட்டர் வேகத்தைக் கூட்டுங்கள், ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) ஏறினால் ஏறட்டும்.

நான் மேலே போய்ச் சேரும்போது உச்சி வெயில். கேமராவை உள்ளே வைத்துவிடலாமா?

கறுப்பு வெள்ளையை யோசியுங்கள். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் 1927 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் யோசெமிட்டியிலுள்ள ஹாஃப் டோம் பாறையைப் பிற்பகலில்தான் எடுத்தார். மஞ்சள் ஃபில்டரில் எடுத்தது போதாது என்று பட்டதால் அடர்சிவப்பு ஃபில்டரை மாட்டினார். வானம் கறுத்தது, பாறை எழுந்து நின்றது. இன்று ரா படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, நீல ஸ்லைடரை இறக்கினாலே ஏறக்குறைய அது கிடைத்துவிடும். ரொம்ப இறக்கினால் வானம் முழுக்கப் புள்ளி புள்ளியாகக் கிளம்பும்.

வைட் லென்ஸில் போலரைசர் போடலாமா?

வானத்தின் நீலத்தை அடர்த்தியாக்கும் ஃபில்டர் அது, வானம் நிறைய வருகிற படத்தில் வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் கருநீலத் திட்டு விழும்.